எல்டன் ரிங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம்கள் பற்றி வந்த கட்டுரையில் ‘எல்டன் ரிங்’ குறித்தும் ஒரு பத்தி இருந்தது. சண்டைகள் படு கடினம், கைவேகம் உள்ள இளைஞர்களுக்குத்தான் சரிப்படும், மற்றவர்கள் காசைக் கொட்ட வேண்டாம் என்கிற தோரணையில் அது முடிந்திருந்தது. கட்டுரையின் மற்ற பகுதிகளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் ஆசை ஆசையாகக் காசு சேர்த்து இந்த கேமை வாங்கி, ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரிகளில் முதலாமவனிடம் ஒரு வாரம் அடி வாங்கி, ‘இது நமக்கு ஆகாது’ என்று மூடி வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் யாருக்கும் கைவேகம் குறைவு என்பது பிரச்சினையே இல்லை. வழி தெரியவில்லை, அவ்வளவுதான். நான் நாற்பதைத் தாண்டியவள், இரவு வீட்டு வேலை முடிந்த பிறகுதான் கன்ட்ரோலரைத் தொடுவேன், இருபது வயதுக்காரர்களின் விரல்வேகம் எனக்கு இல்லை, இருந்தும் அந்தக் கதையை முடித்திருக்கிறேன்.

டோக்கியோவைச் சேர்ந்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிடேடாகா மியாசாகியின் இயக்கத்தில் உருவாக்கிய கேம் இது, 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. ‘விட்சர் 3’, ‘பால்டர்ஸ் கேட் 3’ போன்ற கேம்களில் ஈஸி, நார்மல், ஹார்ட் என்கிற மாதிரி ஏதோ ஒரு பெயரில் படிநிலைகள் இருக்கும், சண்டை தாங்கவில்லை என்றால் மெனுவுக்குப் போய் ஒரு படி இறக்கிக்கொள்ளலாம். எல்டன் ரிங்கில் அப்படி எதுவும் கிடையாது. இதைப் பார்த்துத்தான் எல்லோரும், சரி, எல்லோருக்கும் ஒரே கடினம், முடிந்தவன் தாண்டுவான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் கடினத்தைக் குறைக்கிற வசதிகள் மெனுவில் இல்லாமல் அந்த உலகம் முழுக்க இறைந்து கிடக்கின்றன, நடந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் கேமை மூட மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்கிட் என்கிற பாஸையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது அவனிடம்தான். லிம்கிரேவ் என்கிற தொடக்க நிலப்பரப்பில் ‘கிரேஸ்’ எனப்படும் ஓய்விடங்களில் உட்காரும்போது அங்கிருந்து ஒரு பொன்னிற ஒளிக்கீற்று ஒரு திசையைக் காட்டும். புதிதாக விளையாடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் போய் நிற்பார், அங்கே நீளக் கோலும் வாலுமாக மார்கிட் காத்திருப்பான். ஒளி காட்டிய திசை கதையின் திசை மட்டும்தான், இப்போதே போ என்கிற கட்டளை அதில் கிடையாது. அந்தக் கோட்டைக்குள் நுழையாமலே பக்கவாட்டில் உடைந்த பாலத்தை ஒட்டி ஒரு பாதை போகிறது, அதன் வழியே அடுத்த பிரதேசமான லியூர்னியாவுக்கே போய்விடலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சொல்லப்போனால் விளையாட்டு இதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. வெளியுலகில் கால் வைத்ததும் எதிரே தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் ரோந்து வருகிறான், ட்ரீ சென்டினல் என்று பெயர், கிட்டே போனால் ஓரிரு அடியில் கதை முடிந்துவிடும். அவனைக் கொன்றால்தான் மேலே போகலாம் என்று எந்த விதியும் இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடலாம். பலம் வந்த பிறகு திரும்பி வா என்பதுதான் அங்கே சொல்லித்தரும் பாடம். அதைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் மார்கிட்டிடம் போய் அதே சுவரில் முட்டுகிறார்கள்.

ஆக மார்கிட்டிடம் தோற்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, முதுகைக் காட்டிவிட்டுத் தெற்கே போவது. லிம்கிரேவின் தெற்கில் ஒரு பாலத்தைத் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா, அங்கே எதிரிகள் கொஞ்சம் சாது. அந்தப் பகுதியில் இருக்கிற மூன்று தேவாலயங்களில் தலா ஒரு ‘சேக்ரட் டியர்’ கிடைக்கும், லிம்கிரேவிலேயே மூன்றாம் மரிகா தேவாலயத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் உங்கள் மருந்துக் குப்பியில் ஒரு மடக்குக்கு ஏறும் உயிரின் அளவைக் கூட்டும். வழியில் பொன்னாக மின்னும் சின்ன மரக்கன்றுகளைப் பார்த்தால் விடாதீர்கள், அதனடியில் கிடக்கும் ‘கோல்டன் சீட்’தான் குப்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, இப்படி 14 வரைக்கும் போகலாம். சுரங்கங்களில் கிடைக்கும் ஸ்மிதிங் ஸ்டோன்களைக் கொண்டு, தொடக்கத்திலேயே வரும் எல்லே தேவாலயத்து மேசையிலேயே ஆயுதத்தை +3 வரை ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு லெவல் ஏற வேண்டாம், சண்டையில் கெட்டிக்காரராக இருக்கவும் வேண்டாம், குதிரையில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாலே போதும். அதே வாளோடு, அதே கைவேகத்தோடு திரும்பிப் போங்கள், நாலு அடி தாங்காத நீங்கள் அதைவிட அதிகம் தாங்குவீர்கள், அவனும் முன்னைவிடச் சீக்கிரம் சரிவான்.

லெவல் ஏற்றும்போது எதில் புள்ளி போடுவது என்பது அடுத்த குழப்பம். புதியவர்கள் எல்லாப் புள்ளியையும் பலத்தில் போட்டுவிட்டு உயிரைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். உயிரைக் கூட்டுவது ‘விகர்’ என்கிற பண்பு. அது 25-இல் இருந்தால் உங்கள் உயிர் 800, 40-க்குப் போனால் 1450, 60-இல் 1900. அதற்குமேல் 99 வரைக்கும் புள்ளிகளைக் கொட்டினாலும் மேலும் 200-தான் கூடும். எனவே முதலில் 40-க்குக் கொண்டுபோங்கள், பிறகு 60 வரை, அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரே அடியில் சாகிறேன் என்று புலம்புகிறவர்களின் விகரைக் கேட்டால் பத்துப் பதினைந்தைத் தாண்டியிருக்காது.

இன்னொன்று, சுமை. கவசமும் ஆயுதமும் சேர்ந்து நீங்கள் தாங்கக்கூடிய எடையில் 70 சதவீதத்தை எட்டிவிட்டால், அடியிலிருந்து தப்ப நீங்கள் போடும் உருளல் மந்தமாகிவிடும், மூட்டை உருண்டதுபோல் தொப்பென்று விழுவீர்கள். கனமான கவசம் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். ஒரு தலைக்கவசத்தைக் கழற்றினாலே எல்லைக்குள் வந்துவிடுகிற சந்தர்ப்பங்கள் உண்டு. பாஸின் முன்னால் நிற்பதற்கு முன்பு அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது சண்டை. மார்கிட் ஆளைக் கவிழ்ப்பது அவனுடைய வேகத்தால் அல்ல, தாமதத்தால். கோலை ஓங்குவான், இதோ வருகிறது என்று நீங்கள் உருள்வீர்கள், அவன் ஓங்கிய கையோடு அப்படியே நிற்பான், நீங்கள் உருண்டு எழுந்து நிமிரும் அந்த நொடியில் இறக்குவான். சரியாகத் தலையில் விழும். பயந்த கைதான் முதலில் உருளும் என்று தெரிந்தே அந்த அசைவை அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஓங்கும்போது உருளாதீர்கள், கோல் இறங்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு உருளுங்கள், அதுவும் பின்னால் வேண்டாம், அவன் பக்கமாக, அவனுடைய இடுப்பை ஒட்டி. பின்னால் உருண்டால் அடுத்த வீச்சின் நுனியில் போய் நிற்பீர்கள். கன்ட்ரோலரில் ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன் என்பதால் விரலை எடுக்கும்போதுதான் உருளல் நடக்கும், அழுத்தும்போது அல்ல. பதற்றத்தில் பட்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆள் உருளவே மாட்டார். பட்டனைத் தட்டி எடுக்கப் பழகிவிட்டாலே பாதி அடி குறையும்.

குப்பியைக் குடிக்கிற நேரமும் முக்கியம். கொஞ்சம் தள்ளி நின்று நிம்மதியாகக் குடிக்கலாம் என்று நினைப்போம், நீங்கள் குப்பியைத் தூக்கியதுமே ஒளிக்கத்தியை வீசிவிடுவான். அவன் ஒரு நீண்ட தாக்குதலை முடித்துத் தடுமாறி நிற்கிற அந்த இடைவெளியில் குடியுங்கள், அப்போது அடிக்கவும் ஆசை வரும், உயிர் குறைவாக இருந்தால் அந்த ஆசையை அடக்கிக் குடித்துவிடுங்கள். அவனுடைய உயிர் பாதிக்கு அருகே இறங்கியதும் ஒளியால் ஆன பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலிருந்து குதிப்பான், அதற்கும் இதே கணக்குத்தான். என்னைக் கேட்டால், முதல் சில முறை அடிக்கவே அடிக்காமல் அவன் எதை எப்போது இறக்குகிறான் என்று மட்டும் பார்த்துவிட்டுச் சாகலாம். கையில் இருக்கிற ரூன்களை, அதாவது எதிரிகளை வீழ்த்திச் சேர்த்த காசை, முன்கூட்டியே லெவலுக்கோ கடையிலோ செலவழித்துவிட்டுப் போனால் சாவதற்குப் பயமும் இருக்காது.

கேடயம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியைக் கேடயத்தில் வாங்கியவுடன் பலத்த அடி பட்டனை அழுத்தினால் ‘கார்ட் கவுண்ட்டர்’ என்கிற எதிரடி விழும். அதுவும், குதித்து அடிக்கும் அடியும் எதிரியின் நிலைகுலைவைச் சீக்கிரம் கொண்டுவரும், அவன் மண்டியிட்டதும் கிட்டே போய் அடித்தால் பெரிய சேதம். உருள்வதில் கை வராதவர்களுக்கு இது அருமையான வழி, யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

இவ்வளவும் தனியாகச் செய்ய வேண்டியது. துணையோடு செய்யவும் விளையாட்டே ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறது. டோரன்ட் என்கிற குதிரை கிடைத்த பிறகு எல்லே தேவாலயத்துக்குத் திரும்பிப் போனால், பெரிய தொப்பி அணிந்த ரென்னா என்கிற சூனியக்காரி ஒரு மணியையும் மூன்று ஓநாய்களின் சாம்பலையும் தருவாள். மணியை அடித்தால் ஓநாய்கள் ஆவியாக வந்து உங்களுக்காகச் சண்டை போடும், மார்கிட் அவற்றைத் துரத்தும் நேரத்தில் நீங்கள் பின்னால் இருந்து அடிக்கலாம், குப்பி குடிக்கலாம். அவளைத் தவறவிட்டவர்கள் மணியைப் பிறகு ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்கிற தங்குமிடத்தில் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு குடிசையில் ரோடெரிக்கா என்கிற பெண் உட்கார்ந்திருப்பாள், அவளிடம் பேசினால் ஜெல்லிமீன் சாம்பல். மார்கிட்டின் வாசலுக்கு அருகே தரையில் பொன்னிறத்தில் ஒரு குறி இருக்கும், தொட்டால் ரோஜியர் என்கிற மந்திரவாதி துணைக்கு வருவான். பேட்சஸ் என்கிற தில்லாலங்கடி வியாபாரி 5000 ரூனுக்கு விற்கும் ஒரு தளை (ஷேக்கிள்) மார்கிட்டைச் சில நொடிகள் தரையோடு கட்டிப்போடும், முதல் கட்டத்தில் இரண்டு தடவை.

நம் ஊர் இளைஞர்கள் இதையெல்லாம் தவறவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு, அதைத்தான் உங்கள் கட்டுரை தொட்டிருக்க வேண்டும் என்று ஆதங்கப்படுகிறேன். இந்த கேமில் தமிழ் கிடையாது. மணி எதற்கு, சாம்பலை எங்கே பயன்படுத்துவது, திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்னம் தெரிந்தால்தான் அழைக்க முடியும் என்பதெல்லாம் சுற்றி வளைத்த பழைய பாணி ஆங்கிலத்தில், பொருள் விளக்கங்களுக்குள் பொதிந்து கிடக்கிறது. சரளமாக ஆங்கிலம் படிப்பவர்களே முதல் வாசிப்பில் திணறுவார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பையனோ பெண்ணோ அந்தப் பெட்டிகளைத் தட்டித் தட்டித் தாண்டிப் போவதில் என்ன ஆச்சரியம்? அப்புறம் மணி பையிலேயே இருக்கும், ஓநாய்கள் சாம்பலாகவே இருக்கும், அவர் மார்கிட்டிடம் ஒற்றையாளாக நின்று அடி வாங்குவார். இதைப் போய் கைவேகக் குறைவு என்று எழுதினால் எப்படி?

இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். சாம்பலை அழைத்தால், துணையை அழைத்தால் ‘நீ ஜெயிக்கவே இல்லை’ என்று கேலி செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. ‘நூப்’ (கத்துக்குட்டி) என்பார்கள், ‘கிட் குட்’ (ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்) என்பார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே துணையைக் கூப்பிடாமல் விளையாடி வெறுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். கேலி செய்கிறவர்கள் ரெட்மேன் கோட்டைக்குப் போனதே இல்லையா? அங்கே ராடான் என்கிற மாபெரும் வீரனை எதிர்க்க ஒரு திருவிழாவே நடக்கிறது. பல வீரர்களை அழைத்து முற்றத்தில் நிறுத்தி, மேடையிலிருந்து உரையாற்றி, ஒன்றாக மணல்வெளிக்கு அனுப்பி வைக்கிறார்கள். களம் முழுக்க அழைப்புக் குறிகள் தரையில் மின்னுகின்றன. ஒரு துணைவன் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் அவனுடைய குறி திரும்பவும் முளைக்கும், ஓடிப்போய் மறுபடியும் அழைக்கலாம். நீங்கள் குதிரையில் விலகி ஓடி ஓடி ஆட்களை அழைத்துக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சண்டையில் முக்கால்வாசி. இதைக் கட்டியவர்களே துணையைக் கூப்பிடு என்று திருவிழா எடுத்துச் சொல்கிறார்கள், நடுவில் இவர்கள் யார் கூடாது என்பதற்கு?

மனிதத் துணையும் அப்படித்தான். இந்த கேமில் மலேனியா என்று ஒரு பாஸ் இருக்கிறாள், நம்மை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும், கேடயத்தில் வாங்கினாலும்கூட, அவளுடைய உயிர் ஏறும். கேம் வெளியான வருடமே ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்ற பெயரில் ஒருவர், தலையில் ஒரு ஜாடியும் கையில் இரண்டு கட்டானா வாள்களும், உடம்பில் கவசம் ஏதும் இல்லாமல், முகம் தெரியாத யார் யாருக்கோ துணையாகப் போய் அவளை வீழ்த்திக் கொடுத்தார். ஆயிரம் முறைக்குமேல் இதைச் செய்த அவருக்கு வெளியீட்டாளரான பண்டாய் நாம்கோ ஒரு வாளையே பரிசாக அனுப்பியது. அவரால் மலேனியாவைத் தாண்டிய யாரும் தாங்கள் ஏமாற்றிவிட்டதாக வருந்தியிருக்க வேண்டியதில்லை.

நண்பர்களைத் துணைக்கு அழைக்க நினைப்பவர்கள் மட்டும் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மனிதத் துணை வந்தால் பாஸின் உயிரும் சேர்ந்து கூடும், ஆவித் துணை வந்தால் கூடாது. மனிதத் துணையோடு வெளியில் திரியும்போது எதிரி ஆட்டக்காரர்கள் உங்கள் உலகுக்குள் படையெடுத்து வரவும் வாய்ப்புண்டு. அதனால் தொடக்கத்தில் ஓநாய்களே மேல்.

கடினம் என்பது புதியவர்களின் புலம்பல் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூன் 21-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கம் நல்ல பதில். ராடானையும் மோக் என்பவனையும் வீழ்த்தியவர்கள்தான் அதற்குள் நுழையவே முடியும், அப்படிப்பட்ட பழந்தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்களே அங்கே போய் முதல் பாஸிடம் திணறி, இது அநியாயம் என்று கூப்பாடு போட்டார்கள். காரணம் இதேதான். அந்த நிலத்தில் உங்கள் பழைய லெவல் போதாது, ‘ஸ்கேடுட்ரீ’ துண்டுகள் என்று 50 துண்டுகள் பரவிக் கிடக்கின்றன, அவற்றைச் சேர்த்து 20 படி வரைக்கும் ஏற்றினால்தான் கொடுக்கும் அடியும் கூடும், வாங்கும் அடியும் குறையும். பழக்கதோஷத்தில் நேராகப் பாஸிடம் போனவர்கள் நொறுங்கினார்கள், சுற்றித் திரிந்தவர்கள் தாண்டினார்கள். வெளியீட்டாளரே அந்தத் துண்டுகளைச் சேர்க்கும்படி நினைவூட்ட வேண்டியிருந்தது, ஒரு வாரத்துக்குள்ளேயே ஓர் அப்டேட்டில் ஆரம்பப் படிகளின் பலனைக் கூட்டியும் கொடுத்தார்கள். கைவேகத்தில் சூரர்களான அவர்களுக்கே பொறுக்கி எடுத்தல்தான் கைகொடுத்தது.

இதற்காக அந்த நிறுவனம் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. தனியாக, இணையத் தொடர்பே இல்லாமல் விளையாடும்போதுகூட சண்டையை நிறுத்தி வைக்க முறையான ஒரு பட்டன் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போக வேண்டியவர்களும் உலகத்தில் இருக்கிறோம். கையில் நடுக்கம் உள்ளவர்கள், ஒரு கையால் மட்டும் விளையாடுகிறவர்கள் இவர்களுக்கு நான் மேலே சொன்ன எந்த வழியும் முழுமையாக உதவாது. 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ என்கிற கேமும் கடினத்துக்குப் பேர் போனதுதான், அதில் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ள ஒரு வசதி வைத்தார்கள், அதனால் அந்த கேமின் மதிப்பு ஒரு இம்மிகூடக் குறையவில்லை. ஃப்ரம்சாஃப்ட்வேரும் அப்படி ஒன்றை வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த மாதிரி கேம்களைப் பற்றி எழுதும்போது ‘கடினம், ஆகாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், மாட்டிக்கொண்டவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பையில் இருக்கிற எந்தப் பொருள் எதற்கு உதவும் என்று தமிழில் எழுதுங்கள். சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் வாரா வாரம் பக்கம் ஒதுக்குகிறீர்கள், இதற்கு மாதம் ஒருமுறை கால் பக்கம் கொடுத்தால்கூடப் போதும். இந்த கேம் ஐரோப்பிய வகைப்பாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, ரத்தமும் கோரமும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுங்கள், பெற்றோர்களுக்குப் பயன்படும். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் கல்லூரி மாணவர்களிடமே கேளுங்கள், மலேனியாவையே தாண்டியவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். நானும் எழுதித் தரத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி